மென்பொருள் கோளாறா? உதவி கேட்கும் முறை: கேள்வி பதில்

பூண்டுலோயா வாசகர்: "அப்டேட் பண்ணும்போது எரர் வருது, என்ன செய்ய?"னு கேட்டா, பதிலுக்கு நீங்களும் கேள்விதானே கேக்குறீங்க சேர்?

எரரின் முழு நம்பர் இல்லாமல் பதில் சொல்ல வழியில்லை, தம்பி. விண்டோஸ் அப்டேட்டில் 80070070 என்று முடிந்தால் டிஸ்க்கில் இடம் போதவில்லை. 80070005 என்று முடிந்தால் அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது. முன்பாதி ஒன்றுதான், வைத்தியம் வேறு வேறு. இடப் பிரச்சினை என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் அழியுங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும். அதில் டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளின் பாஸ்ட் பேப்பர் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

எரர் பெட்டி திரையில் நிற்கும்போதே கண்ட்ரோலும் சி-யும் அழுத்தி நோட்பேடில் பேஸ்ட் செய்து பாருங்கள். விண்டோஸின் வழக்கமான பெட்டிகளில் தலைப்பு, செய்தி, பட்டன் எழுத்து எல்லாம் அப்படியே வந்துவிடும். ஆங்கிலச் செய்தியை உங்கள் வார்த்தையில் மாற்றி எழுத வேண்டாம். கூடவே விண்டோஸ் பதிப்பையும், கோளாறு வருவதற்கு முன் கடைசியாக எதை இன்ஸ்டால் செய்தீர்கள் அல்லது மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'வின்வெர்' (winver) என்று ஆங்கிலத்தில் அடித்து எண்டர் தட்டினால் பதிப்பு தெரியும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. 10ஆ 11ஆ என்பதைப் பொறுத்துப் பதிலே மாறலாம்.

ஹட்டன் கொமினிகேஷன் கடைக்காரர்: போன்ல படம் புடிச்சு அனுப்பினா போதாதா?

போட்டோவை விட ஸ்கிரீன்ஷாட் தெளிவு. விண்டோஸ் கீ, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். அதோடு எரர் வரியை எழுத்தாகவும் தாருங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து பெரும்பாலும் தேடலில் சிக்காது. சிக்னல் மெலிந்த தோட்டத்தில் படம் திறக்கவும் நேரமெடுக்கும். வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் படத்தில் இருந்தால் வெட்டிவிடுங்கள், அல்லது முழுக் கறுப்புக் கட்டம் போட்டு மூடுங்கள். ஹைலைட்டர் பேனாவால் கிறுக்கினால் வெளிச்சத்தைக் கூட்டி அடியில் இருப்பதை வாசித்துவிடலாம்.

தலவாக்கலை ஆசிரியை: பாமினி ஃபொண்ட்ல டைப் பண்ணி அனுப்பினேன். உங்களுக்கு இங்கிலீஷ் எழுத்தாத் தெரியுதுன்னு சொல்றீங்களே?

டீச்சர், பாமினியில் 'தமிழ்' என்று அடிக்கும்போது கணினி சேமிப்பது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. ஃபொண்ட்தான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. ஃபொண்ட் இல்லாத கணினியிலும் போனிலும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் தனி எண் உண்டு, அதனால் எங்கே திறந்தாலும் தமிழ்தான்.

பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது பலர் முழுப் பக்கத்தையும் கன்வெர்ட்டரில் கொட்டிவிடுகிறார்கள். இடையில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களும் தமிழ்க் கிறுக்கலாக மாறிவிடும். வேர்டில் அட்வான்ஸ்ட் ஃபைண்ட் திறந்து, மோர், ஃபார்மட், ஃபொண்ட் என்று போய் பாமினியைத் தெரிவு செய்து, 'ஃபைண்ட் இன்' பட்டனில் மெயின் டொக்கியுமெண்ட்டை அழுத்துங்கள். பாமினிப் பகுதிகள் மட்டும் தெரிவாகும். எவை மாற வேண்டியவை என்று அதில் தெரிந்துவிடும். அவற்றைப் பந்தி பந்தியாக மாற்றுங்கள். அசல் கோப்பின் ஒரு பிரதி கையில் இருக்கட்டும்.

பாமினி கைப்பழக்கம் வீணாகாது. இலங்கைத் தரத்தில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகை அதற்கு நெருக்கமானது.

பண்டாரவளை வாசகர்: இதே கேள்விக்கு முன்னமே பதில் இருக்காம். தேடினா வரல்லையே?

தமிழில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு ஒன்றல்ல. 'கௌ' என்பதை 'கெ'யும் 'ள'வும் சேர்த்து அடிப்பவர்கள் நிறைய. 'ஔ'வை 'ஒ', 'ள' என்று அடிப்பதும் அப்படித்தான். 'கொ'வின் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். சில மென்பொருள்கள் இவற்றை ஒன்றெனக் கருதுவதில்லை. போதாததற்கு கம்ப்யூட்டர், கொம்பியூட்டர், கணினி என்று மூன்று விதமாக எழுதுகிறோம். ஆகவே மென்பொருளின் பெயரையும் எரர் நம்பரையும் ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். கேட்கும்போதும் அவை தலைப்பிலேயே இருக்கட்டும். 'அவசரம், உதவவும்' என்ற தலைப்பை யாரும் தேடமாட்டார்கள்.

ராகலை வாசகர்: சரியானதும் "நன்றி, சரியாயிருச்சு"ன்னு போட்டா போதுமா?

எந்தப் படி வேலை செய்தது என்று ஒரு வரி சேருங்கள். ஐந்து வழி சொல்லப்பட்ட இடத்தில் அடுத்தவருக்கு வேண்டியது அந்த வரிதான்.

மஸ்கெலியா வாசகர்: உதவுறேன்னு சொன்ன ஒருத்தர், கணினிய தூரத்துலருந்து இயக்க கோட் கேக்குறாரு. குடுக்கலாமா?

முன்பின் தெரியாதவர் என்றால் வேண்டாம். எழுத்தில் படிகளைச் சொல்லச் சொல்லுங்கள். தெரிந்தவரே ஆனாலும் வங்கிப் பக்கங்களை மூடிவிட்டு, திரைக்கு முன்னால் இருந்து பார்த்துக்கொண்டே கொடுங்கள். முடிந்ததும் அந்த மென்பொருளை நீக்குங்கள். போனுக்கு வரும் ஓடிபி எண்ணை மட்டும் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். மென்பொருளைத் திருத்த அது தேவையே இல்லை.