பட்டறைத் தீயில் எரிந்த டன்கிர்க் படகை மீட்க முடியுமா?

2021 மே 3 அன்று லண்டன் ஹாம்ப்டன் அருகே, தேம்ஸ் ஆற்றுத் தீவான பிளாட்ஸ் ஐயட்டில் படகுப்பட்டறை எரிந்தது. 1940-இல், இரண்டாம் உலகப் போரின்போது, பிரான்சின் டன்கிர்க்கிலிருந்து வீரர்களை மீட்கப் போன சிறு படகுகளில் லேடி கே, வியர் இரண்டும் அந்தத் தீயில் அழிந்தன. இப்படி எரிந்ததை மீட்க முடியுமா என்பது கேள்வி.

எது மிஞ்சியது என்பதைப் பொறுத்தது. மரப் பலகை கரியானால் அவ்வளவுதான். வெண்கலப் புரொப்பல்லர் தப்பக்கூடும்; அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். என்ஜின் முழுசாகத் தெரிந்தாலும் வார்ப்பிரும்பில் விரிசல் இருக்கலாம், சோதிக்காமல் நம்பக்கூடாது. அடிமரம் (படகின் முதுகெலும்பு போன்ற அடிக்கட்டை) பிழைத்திருந்தால், அப்புறம் பழைய வரைபடங்களை வைத்துக் கட்டலாம்.

2007-இல் லண்டனில் ‘கட்டி சார்க்’ என்ற பழைய தேயிலைக் கப்பல் எரிந்தபோது பாய்மரங்களும் ஏராளமான பலகைகளும் புதுப்பிப்புக்காக ஏற்கெனவே கழற்றி வேறிடத்தில் இருந்தன. இரும்புச் சட்டகமும் பெரும்பாலும் தாங்கியது. அதனால்தான் 2012-இல் அதைப் பார்வையாளர்களுக்குத் திரும்பத் திறக்க முடிந்தது. முழுக்க மரத்தாலான சிறு படகுக்கு அந்தச் சட்டகம் கிடையாதே! எல்லாமே புது மரம் என்றால், சரி, அழகான நகல் என்றே அதைச் சொல்வேன்.