ஜீப்புக்குள் அனல்: கேட்டவர்களுக்குப் பதில்

சித்திரை பிறந்துவிட்டால் என் பட்டறைக்கு வரும் ஜீப்காரர்கள் எல்லோருக்கும் ஒரே புகார்தான், வண்டிக்குள் உட்கார முடியவில்லை என்பது. சேலத்தில் 22 வருடமாக டிங்கரிங் வேலை செய்கிறேன், பெரும்பாலும் பழைய ஜீப்புகள்தான். பாடி, தரை, ஃபயர்வால் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஏசி கேஸ், வயரிங் என் துறை இல்லை.

தர்மபுரி: அண்ணா, என்னிடம் 1996 மஹிந்திரா எம்எம் 540 ஜீப் இருக்கிறது. கொல்லிமலை ஏறினால் வலது கால் வெந்துவிடுகிறது. தரை முழுக்க டேம்பிங் ஷீட் ஒட்ட 15,000 கேட்கிறார்கள். ஒட்டலாமா?

இப்போது வேண்டாம் தம்பி. முதலில் சூடு எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவு, முக்கால்வாசி நேரம் இரண்டாவது கியர், என்ஜின் முக்கிக்கொண்டு ஏறுகிறது, வண்டிக்கு அடியில் ஓடுவதற்கோ காற்றே இல்லை. போனட்டுக்குள் சேரும் அனல் எங்கே ஓட்டை கிடைக்கிறதோ அங்கே நுழையும்.

இரவில் வண்டியைக் கொட்டகையில் விட்டு, போனட்டைத் திறந்து ஃபயர்வால் பக்கம் ஒரு டார்ச்சைப் போடுங்கள். நீங்கள் உள்ளே போய் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பாருங்கள். கிளட்ச் பெடல் வரும் இடம், ஸ்டியரிங் ராடு இறங்கும் இடம், ஆக்சிலரேட்டர் கேபிள், வயர் கட்டு நுழையும் துளை, எப்போதோ யாரோ ஹார்னுக்குப் போட்டு மறந்துபோன துளை, எல்லாவற்றிலும் வெளிச்சம் தெரியும். அப்புறம் வண்டியை வெளியே கொண்டுவந்து, என்ஜினை ஓடவிட்டு, கியர் லீவர், ஃபோர் வீல் லீவர் இரண்டின் ரப்பர் பூட் (லீவரின் அடியை மூடும் உறை) பக்கத்திலும் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை நேராக எழாமல் உங்கள் பக்கம் சாய்ந்தால் அங்கே காற்று ஏறுகிறது. கியர்பாக்ஸுக்கு மேலே உள்ள தரைத் தகட்டைக் கழற்றி மாட்டியவர்கள் எல்லா ஸ்க்ரூவையும் திருப்பிப் போட்டிருக்க மாட்டார்கள், அதையும் எண்ணிப் பாருங்கள்.

இரண்டு பூட், துளைகளில் மாட்டும் வளையம், அதாவது ரப்பர் கிராமெட் நாலைந்து, தகட்டின் ஓரத்துக்கு ஒட்டும் ஃபோம் பட்டை. 15,000 எங்கே, இது எங்கே. என் கைக்கு வந்த வண்டிகளில் பாதி இதோடு அடங்கியிருக்கின்றன.

இன்னொன்று, இதை நான் எல்லோரிடமும் சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள். என்ஜின் காற்று உள்ளே வருகிறது என்றால், மேனிஃபோல்டு கேஸ்கட்டிலோ சைலன்சர் ஜாயிண்டிலோ ஒழுக்கு இருந்தால் அந்தப் புகையும் உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலியும் தூக்கக் கலக்கமும்தான் தெரியும், அதை வெயில் என்று நினைத்துக்கொள்வோம். ஓட்டையை அடையுங்கள், ஒழுக்கையும் பாருங்கள்.

நாமக்கல்: எந்த டேம்பிங் ஷீட் நல்லது? 2 மிமீயா 3 மிமீயா?

டேம்பிங் ஷீட் அதிர்வுக்கு, அதாவது தகடு டமடம என்று சத்தம் போடாமல் இருக்க. மேலே வெள்ளியாக மின்னுவதால் சூட்டைத் தடுக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அந்த அலுமினியத் தாள் வேலை செய்ய வேண்டுமானால் அதற்கும் சூடான பொருளுக்கும் நடுவில் காற்று வேண்டும். வீட்டில் செய்து பாருங்கள்: காய்ந்த தோசைக்கல்லுக்கு ஒரு அங்குலம் மேலே அலுமினியத் தாளைப் பிடித்து, அதற்கு மேல் உள்ளங்கையை வையுங்கள், தாங்கும். அதே தாளைக் கல்லிலேயே ஒட்டப் போட்டுவிட்டுத் தொட்டுப் பாருங்கள், சுட்டுவிடும். தரையில் ஒட்டிய ஷீட் இரண்டாவது கதை.

சூட்டுக்கு என்றால் தரையில் மெலிதாக பியூட்டைல் ரப்பர் ஷீட், அதற்கு மேல் 6 முதல் 10 மிமீ மூடிய துளை ஃபோம், அதாவது தண்ணீர் குடிக்காத ஜாதி, அதற்கு மேல் ரப்பர் மேட். மலிவு என்று தார் ஷீட் ஒட்டாதீர்கள், மே மாதத்தில் உருகி வழியும், வாடை போகாது. சணல் ஃபெல்ட்டும் வேண்டாம். ஒரு ஓடையில் இறங்கி ஏறினால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடியில் தகட்டைத் தின்றுவிடும். அப்படி மேட்டைத் தூக்கிய உடனே காலடித் தகடு பொலபொலவென்று உதிர்ந்த வண்டி ஒன்று போன மாதம்தான் என்னிடம் வந்தது.

மதுரை: பிஎஸ்-6 டீசல் ஃபோர் வீல். சில நாள் மட்டும் காலடியில் திடீரென்று அனல், மறுநாள் ஒன்றுமில்லை. ஓட்டைதானா?

இல்லை, இது டிபிஎஃப், அதாவது டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி. அதில் சேரும் கரியை வண்டி தானாகவே அவ்வப்போது எரிக்கும். அப்போது உள்ளே சுமார் 600 டிகிரி வரை போகும். ஐடிலிங் கொஞ்சம் ஏறியிருக்கும், நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். நடுவில் அணைக்காமல் ஒரு இருபது நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டி முடியுங்கள். அந்த நேரத்தில் காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

விருதுநகர்: ப்ளோவர் போட்டாலே சூடான காற்றுதான். ஏசி மெக்கானிக் கேஸ் குறைவு என்கிறார்.

கேஸ் பற்றி நான் பேசமாட்டேன். ஆனால் உங்கள் வண்டியில் ஹீட்டர் உண்டென்றால், ஃபயர்வாலுக்குள் நுழையும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஹீட்டர் வால்வை மூடியும் இரண்டும் சுட்டால், 85, 90 டிகிரி கூலன்ட் உங்கள் டேஷ்போர்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. வால்வை மாற்றுங்கள். கிடைக்கும் வரை என்ஜின் பக்கத்திலேயே போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் ஒன்றாக இணைத்துவிடலாம். அடைக்காதீர்கள், இணையுங்கள். சில என்ஜின்களுக்கு அந்தச் சுற்று ஓடியே ஆக வேண்டும்.

தேனி: போனட் கீலுக்கு அடியில் வாஷர் வைத்துப் பின்பக்கத்தை அரை அங்குலம் தூக்கினால் அனல் வெளியே போய்விடுமாமே?

வேண்டாம். ஓடும்போது முன் கண்ணாடியின் அடியில் காற்று வந்து முட்டி அழுத்தமாக நிற்கும். நீங்கள் திறந்துவிட்ட இடைவெளி வழியாக அது போனட்டுக்குள் இறங்கத்தான் பார்க்கும்.

கோவை: இரண்டு வருடமாக வாஷர் வைத்துத்தான் ஓட்டுகிறேன் சார். டெம்பரேச்சர் முள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறேன். அனுபவிக்காமல் சொல்லாதீர்கள்.

நீங்கள் பார்த்தது பொய் என்று சொல்லவில்லை. எப்போது பார்த்தீர்கள்? பாறையில் ஊர்ந்து போகும்போதும் நிற்கும்போதும் அனல் மேலே எழும், அந்த இடைவெளி வழியாக வெளியேறும், முள் இறங்கும். ஆனால் வெளியேறிய அனல் அடுத்து எங்கே போகிறது? கண்ணாடியின் கீழே ஜாலி வைத்த வண்டிகளில் கேபினுக்குள் காற்று எடுக்கும் வழியே அதுதான். ப்ளோவர் அதை உறிஞ்சி உங்கள் முகத்தில் ஊதும். இங்கே கேள்வி என்ஜின் சூட்டைப் பற்றியது இல்லை, கேபின் சூட்டைப் பற்றியது.

அனுபவிக்காமல் சொல்லவில்லை. மூன்று அங்குலக் கம்பளி நூல் பத்துத் துண்டை அந்த விளிம்பு நெடுக டேப் போட்டு ஒட்டி, பக்கத்து சீட்டில் ஒருவரை உட்காரவைத்து செல்போனில் படம் பிடித்தேன். நிற்கும்போது நூல்கள் மேலே எழுந்து ஆடின. 60 கிலோமீட்டரில் ஒவ்வொன்றாக இடைவெளிக்குள் போய்விட்டன. உங்கள் வண்டியிலும் ஒட்டிப் பாருங்கள்.

கோவை: அப்படியானால் போனட்டில் லூவர் வெட்டுகிறவர்கள் எல்லாம் முட்டாள்களா?

யாரையும் அப்படிச் சொல்லமாட்டேன். லூவர், அதாவது போனட்டில் வெட்டும் காற்றுப் பிளவு, வேறு விஷயம். போனட்டின் நடுவிலோ முன்பாதியிலோ வெட்டினால் அங்கே அழுத்தம் குறைவு, ஓடும்போதே அனலை இழுத்து வெளியே தள்ளும். நானே வெட்டிக் கொடுத்திருக்கிறேன். மழைத் தண்ணீர் ஆல்டர்னேட்டர் மேல் விழாமல் அடியில் ஒரு தட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன் ரேடியேட்டர் ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட், அதாவது காற்றைச் சிதறவிடாத கூடு, இருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய வண்டிகளில் அதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

திருப்பூர்: டேம்பிங் ஷீட் ரூஃபில் ஒட்டினால் சூடு குறையுமா?

நாமக்கல்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ராமநாதபுரம்: ஹார்ட் டாப் கருப்பு. வெயிலில் நிறுத்தினால் தொட முடியவில்லை.

வெள்ளை அடியுங்கள், முதல் வித்தியாசம் அதுதான். இரண்டாவது, பந்தல். பழைய லேண்ட் ரோவர்களுக்கு டிராபிக்கல் ரூஃப் என்று ஒன்று வந்தது, கூரைக்கு மேல் இடைவெளி விட்டு இன்னொரு தகடு. வெயிலை மேல்தகடு வாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று ஓடும். உங்கள் கேரியரில் மெல்லிய அலுமினியத் தகட்டைப் பூட்டினால் அதே வேலை. முன்பக்கம் தடதடக்காமல் நன்றாக இறுக்குங்கள்.

வேலூர்: சைலன்சர் பைப்பில் ஹீட் ரேப் (சூட்டைத் தடுக்கும் துணிப் பட்டை) சுற்றலாமா?

எனக்குப் பயம். சாதா இரும்புப் பைப்பில் ரேப் ஈரத்தைப் பிடித்துத் துரு ஏற்றும், அது பரவாயில்லை. ஆயிலோ டீசலோ ஊறினால் தீப்பிடிக்கும். வேறொரு கடையில் சுற்றிய வண்டி ஒன்றில் டீசல் ரிட்டர்ன் பைப் ஒழுகி ரேப் புகைய ஆரம்பித்ததை என் பட்டறை வாசலிலேயே மண் போட்டு அணைத்தோம். அதற்குப் பதில் தரைக்கும் பைப்புக்கும் நடுவில் அலுமினியத் தகடு, இரண்டு பக்கமும் அரை அங்குலமாவது இடைவெளி விட்டு. தோசைக்கல் கணக்குத்தான்.

கரூர்: கூலிங் ஃபிலிம்?

முன், பின் கண்ணாடியில் 70 சதவீத வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும். 50 பக்கவாட்டில். அந்த அளவுக்குள் இருந்தாலும், ஃபிலிமே கூடாது என்ற 2012 சுப்ரீம் கோர்ட் உத்தரவைக் காட்டிப் போலீஸ் நிறுத்தலாம். வண்டியை வெயிலில் விடும்போது மட்டும் கண்ணாடி மறைப்பு வையுங்கள், போதும்.

ஓசூர்: அண்ணா எந்த பிராண்ட் டேம்பிங் ஷீட்?

தம்பி, ஓட்டையை அடைத்தாயா? டார்ச் போட்டுப் பார்த்துவிட்டு வா, அப்புறம் பேசலாம்.

கோவை: நூல் ஒட்டிப் பார்த்தேன் சார். 40 வரை படுத்துக் கிடக்கிறது, 70இல் உள்ளே போகிறது. வாஷரை எடுக்க மனசில்லை, வாரக்கடைசியில் காட்டுக்குள்தான் ஓட்டுகிறேன்.

காட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடிக்குக் கீழே உள்ள ஜாலியை மட்டும் ரப்பர் ஷீட் போட்டு மூடிவிடுங்கள். அந்த நூல்களை அப்படியே ஒட்டியபடி விடுங்கள், ஜாலியை மூடிய பிறகு பிடித்த படத்தையும் அனுப்புங்கள், எனக்கும் பார்க்க வேண்டும்.