குஞ்சுகள் வருவதற்கு முன்

கேள்வி: அயனாவரத்தில், எங்கள் மொட்டை மாடி அறையில் வளர்க்க ஒரு நாள் வயதான 20 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்குகிறோம். தாய்க்கோழி கிடையாது. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றைத் தொங்கவிட்டால் சூடு போதுமா?
– ஒரு வாசகி

பதில்: போதாது அம்மா. எல்.இ.டி. வெளிச்சம் தருமே தவிர, குஞ்சுக்கு வேண்டிய சூட்டைத் தராது. பழைய குண்டு பல்பைத் தேடி வாங்குங்கள். குஞ்சுக்கு 2 வாட் என்பது பொதுவான கணக்கு. எனவே 40 வாட் போதும். ஆனாலும் இரண்டு பல்புகளைத் தனித்தனி சுவிட்சில் மாட்டுங்கள். நள்ளிரவில் ஒன்று எரிந்துபோனால் விடிவதற்குள் குஞ்சுகள் விறைத்துவிடும். பல்பை ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டுங்கள். கீழே இருப்பது உமி, அறுந்து விழுந்தால் தீப்பிடிக்கும்.

ஒன்றரை அடி உயர அட்டையை 3 அடி அகல வட்டமாக வளைத்து நிறுத்துங்கள். மூலையே இருக்கக் கூடாது. குளிரெடுத்தால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் சிக்கியது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். 2 அங்குலம் உமி பரப்பி, முதல் சில நாள்களுக்கு அதன்மேல் நூல் பிரியாத சாக்கை விரியுங்கள். வழவழப்பான செய்தித்தாள் வேண்டாம், கால் வழுக்கி விரிந்து நடையே கெட்டுவிடும். குஞ்சுகள் வருவதற்குச் சில மணி நேரம் முன்பே பல்பைப் போட்டுத் தரையைச் சூடாக்கிவிடுங்கள்.

முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரம் 3 டிகிரி குறையுங்கள். இது புத்தகக் கணக்கு. வெயில் காலத்தில் சென்னை மொட்டை மாடி அறை பகலில் தானாகவே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். அப்போதும் பல்பை எரியவிட்டுக் குஞ்சுகளைச் சாகடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்கடியில் குவிந்து கத்தினால் குளிர். அட்டையோரம் ஒதுங்கி வாயைப் பிளந்து மூச்சுவிட்டால் வெக்கை. பரவலாகப் படுத்துத் தூங்கினால் எல்லாம் சரி.

வந்ததும் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒவ்வொன்றின் அலகையும் நனைத்துவிடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டால் குஞ்சு மூழ்காது. குடித்த பிறகு குஞ்சுத் தீவனம் வையுங்கள். பெருச்சாளி நுழையாதபடி கதவிடுக்கை அடைத்து, வட்டத்துக்கு மேல் கம்பிவலை மூடுங்கள்.

ஏழாம் நாள் வாக்கில் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய் வராமலிருக்கக் கண்ணில் சொட்டு மருந்து போட வேண்டும். அந்த மருந்துக் குப்பியில் பல குஞ்சுகளுக்கான அளவு இருக்கும். தனியாக வாங்கினால் வீணாகும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.