பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் கிறிஸ்துமஸ்: வாசகியர் கேள்வி பதில்

ஸ்தோத்திரம் அக்கா. நாங்கள் குடியாத்தம் பக்கம். பெரியவன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான், நடுவுள்ள பொண்ணு வேலூரில் நர்ஸ், கடைக்குட்டி பிளஸ் ஒன் படிக்கிறான். சின்ன வயதில் டிசம்பர் பிறந்ததுமே நட்சத்திரம் கட்டு, குடில் வை என்று மூன்று பேரும் என் உயிரை எடுப்பார்கள். இப்போது கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்மா". பெரியவன் 24-ஆம் தேதி ராத்திரி வந்து 26 காலையில் கிளம்பிவிடுகிறான். பொண்ணுக்கு பண்டிகையன்று டூட்டி. சின்னவன் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகிற கேரல் ரவுண்ட்ஸுக்கே வர மாட்டேன் என்கிறான். நானும் அவங்க அப்பாவும் மட்டும் உட்கார்ந்து பலகாரம் சுட்டு யாருக்கு? எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

நிறுத்த வேண்டாம்மா. ஆனால் அவர்களுக்கு எட்டு வயதில் செய்ததை எல்லாம் அப்படியே இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம். அந்த வயதில் நீங்கள் செய்வீர்கள், அவர்கள் அனுபவிப்பார்கள். இப்போதும் நீங்களே எல்லாம் செய்து வைத்துவிட்டு "வா, வந்து உட்கார்" என்று கூப்பிட்டால் பதினாறு வயதுப் பையன் வர மாட்டான், இருபத்தாறு வயதுப் பையன் வந்து செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் கை வைக்காவிட்டால் அந்த வேலை நடக்காது என்று ஆக்குங்கள், முனகிக்கொண்டாவது வருவான். இதை நான் ரொம்ப நிச்சயமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டில் கிடைக்காதது பலகாரம் இல்லை, பொறுப்பு.

அதிரசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுடுகிற நாளில் கூப்பிடாமல் பாகு காய்ச்சுகிற நாளில் சின்னவனைக் கூப்பிடுங்கள். பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி, ஈரம் முழுசாகப் போவதற்குள் மெஷினில் கொடுத்து அரைத்துக்கொண்டு வருவது அவன் வேலை. ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். பாகு கொதிக்கும்போது ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கணும், கரைந்து ஓடினால் இன்னும் கொஞ்சம் காய வேண்டும், கெட்டியாகக் கல் மாதிரி நின்றால் பதம் தாண்டிவிட்டது, மெத்தென்று உருண்டால் உடனே இறக்கி மாவைக் கொட்டிக் கிளற வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தை அவன் விரலுக்கு விட்டுவிடுங்கள். "இறக்கலாமா வேண்டாமா, நீ சொல்லு" என்று கேளுங்கள். அந்த மாவு மூன்று நாலு நாள் மூடி வைத்து ஊறும் இல்லையா, அத்தனை நாளும் அவனே போய்த் திறந்து பார்ப்பான்.

பெரியவன் விஷயத்துக்கு வருகிறேன். நம்ம பக்கத்தில் 25-ஆம் தேதி மத்தியானம் என்றால் பிரியாணிதான், அதைப் பெரியவனிடமும் அவங்க அப்பாவிடமும் கொடுத்துவிட்டு நீங்கள் அடுப்பங்கரையை விட்டு வெளியே வாருங்கள். ஆம்பூர் மாதிரி சீரகச் சம்பா அரிசியும் காய்ந்த மிளகாய் விழுதும் போட்டுச் செய்வதானால் மிளகாயை முதல் நாள் ராத்திரியே ஊறப் போட வேண்டும், கறிக்கடையில் விடியற்காலையிலேயே போய் நிற்க வேண்டும், தம் போடும்போது மூடிமேல் கங்கு வைக்க ஒருத்தர் வேண்டும். கூடவே எண்ணெய்க் கத்திரிக்காய். அதற்கு நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை விடவா வேறு காய் இருக்கிறது, 2023-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. அப்பாவும் மகனும் சேர்ந்து ஒரு அண்டாவைக் கவனித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றால், நேராக உட்கார்ந்து பேசச் சொன்னால் பேசாத பேச்செல்லாம் தானாக வரும். சரி, ருசி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் வாயைத் திறக்காதீர்கள்.

ரயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்போது முன்பதிவு 120 நாளுக்கு முன்னால் இல்லை, 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். அதாவது டிசம்பர் 24-க்கான டிக்கெட் அக்டோபர் 25 வாக்கில் திறக்கும். அந்த வாரத்திலேயே காட்பாடிக்கு டிக்கெட் போடச் சொல்லி நினைவுபடுத்துங்கள், நவம்பர் கடைசியில் "லீவு கேட்டியா" என்று தினமும் போன் போடுவதை விட இது எவ்வளவோ மேல்.

பொண்ணு டூட்டிக்காக வருத்தப்படாதீர்கள். வேலூர் ஆஸ்பத்திரி ஊர், நம்ம ஜனங்களில் எத்தனையோ குடும்பங்கள் டூட்டி சார்ட் பார்த்துத்தான் பண்டிகை வைத்துக்கொள்கிறார்கள். சபை நாட்காட்டிப்படி பார்த்தாலும் கிறிஸ்துமஸ் ஒரே நாளோடு முடிவதில்லை, சாஸ்திரிகள் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்ததை நினைக்கிற ஜனவரி 6 பிரசன்னத் திருநாள் வரைக்கும் பன்னிரண்டு நாள் அந்தக் காலம்தான். ஆர்மீனியத் திருச்சபையில் கிறிஸ்து பிறப்பையே ஜனவரி 6-ல்தான் கொண்டாடுகிறார்கள். அதனால் அவளுக்கு என்றைக்கு ஆஃப் கிடைக்கிறதோ அன்றைக்கு இன்னொரு சாப்பாடு வையுங்கள். பெரியவன் இருக்க மாட்டான், பரவாயில்லை, வீடியோ காலில் வரட்டும். 25-ஆம் தேதி சாயங்காலம் தம்பியிடம் பலகார டப்பாவைக் கொடுத்து அக்காவிடம் அனுப்புங்கள். அவளுக்கு மட்டும் இல்லை, கூட டூட்டி பார்க்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து வையுங்கள், வீட்டை விட்டு எங்கோ தூரத்திலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் அதில் நிறையப் பேர் இருப்பார்கள்.

கேரல் ரவுண்ட்ஸுக்கு மட்டும் கட்டாயப்படுத்த வேண்டாம். அந்த வயதுக்குக் கூச்சம் இருக்கும், தன் கிளாஸ் பிள்ளைகள் இருக்கிற தெருவில் முன்வரிசையில் நின்று பாட அவனால் முடியாது. டிரம் தட்டுகிற வேலையோ ஸ்பீக்கர் தூக்குகிற வேலையோ இருக்கிறதா என்று வாலிபர் சங்கத்து அண்ணன்களிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்டதாக அவனுக்குத் தெரிய வேண்டாம், அந்த அண்ணன்களே வந்து கூப்பிடட்டும்.

பதினேழு வயது மகனுக்கும் அவன் அப்பாவுக்கும் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையும் சண்டை. நாலு மணிக்கு எழுப்பினால் எழுந்திரிப்பதில்லை. ஐந்து மணி ஆராதனைக்கு நாங்கள் எல்லோரும் ஒரே துணியில் எடுத்த உடுப்பில் போவதுதான் கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வழக்கம். இவனால் அது கெட்டுப்போகிறது.
- ஒரு வாசகி, காட்பாடி

முதலில் அந்த ஒரே துணியை விட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது அழகு, பதினேழு வயதுக்கு அது தண்டனை. பணத்தைக் கையில் கொடுத்து லாங்கு பஜாரிலோ வேறு எங்கேயோ அவனுக்குப் பிடித்ததை அவனே எடுத்துக்கொள்ளட்டும்.

ஆராதனைப் பேச்சை நாலு மணிக்கு ஆரம்பிக்காதீர்கள். தூக்கத்தில் இருப்பவனும் கோபத்தில் இருப்பவரும் பேசி ஒன்றும் முடிவாகாது. முதல் வாரத்திலேயே, முடிந்தால் அப்பாவே தனியாகக் கூப்பிட்டு, "டிசம்பர் மாசத்துல எத்தனையோ கூட்டம் வருது, எதுக்கும் நான் கட்டாயப்படுத்த மாட்டேன், ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் குடும்பமா போவோம், எதுன்னு நீ சொல்லு" என்று கேட்கட்டும். 31-ஆம் தேதி ராத்திரி ஆராதனையை அவன் சொன்னாலும் சொல்லலாம், அந்த வயதுக்கு விழித்திருப்பது சுலபம், விடியலில் எழுவதுதான் கஷ்டம். அதைச் சொன்னால் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொள்ள வேண்டும். கட்டாயத்தால் கோவிலுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்த பிள்ளை, வேலைக்கு வெளியூர் போன முதல் வருஷமே கோவில் பக்கம் போவதை விட்டுவிடுகிறது, இதைப் பல வீடுகளில் பார்க்கிறோம்.

பிள்ளைகள் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்னமும் எல்லோருக்கும் பரிசு வாங்க வேண்டுமா?
- வாலாஜா வாசகி

வேண்டாம். காலேஜில் விளையாடுகிற கிறிஸ்மா, கிறிஸ்சைல்ட் முறையில் வீட்டில் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், யார் பெயர் வருகிறதோ அவருக்கு மட்டும் பரிசு, ஒருத்தருக்கு ஒருத்தர். தொகைக்கு ஒரு வரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் சம்பளம் கம்மியாக வாங்குகிற பிள்ளை மனசு கஷ்டப்படும். பாட்டியையும் சேருங்கள்.

மகள் இந்து வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். இது தலைக் கிறிஸ்துமஸ். மாப்பிள்ளையைக் கோவிலுக்குக் கூப்பிடலாமா, சம்பந்தி வீட்டில் தவறாக நினைப்பார்களா?
- ராணிப்பேட்டை வாசகி

மகளையே கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் நேராகக் கேட்டால் அவரால் மறுக்க முடியாது. வந்தால் சந்தோஷம், வராவிட்டால் வீட்டில் இருக்கட்டும், நீங்கள் ஆராதனை முடித்துவிட்டு வந்ததும் எல்லோரும் சேர்ந்தே காலை டிபன் சாப்பிடுங்கள். குடும்ப ஜெபத்தைச் சுருக்கமாக வையுங்கள், அவரை நடுவில் உட்கார வைத்து நீளமாக ஜெபிக்க வேண்டாம். சம்பந்தி வீட்டுக்கு 24-ஆம் தேதியே நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் நேரில் போய் அதிரசம், முறுக்கு, கல்கலா, கேக் எல்லாம் வைத்துத் தட்டோடு கொடுத்துவிட்டு வாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கும் கூப்பிடுங்கள். அவர்கள் சைவமா என்று முன்கூட்டியே மகளிடம் கேட்டுக்கொண்டு, அப்படியென்றால் தனிப் பாத்திரத்தில் தனியாகச் சமைத்து, அவர்களுக்கே முதலில் பரிமாறுங்கள்.