யானைக்கும் குரங்குக்கும் பண்பாடு உண்டா?

வாசகர் கேள்வி – அறிவியற் பதில்

கேள்வி (ஆசிரியை, களுவாஞ்சிக்குடி): குரங்குகளுக்கும் பண்பாடு உண்டு என்று அறிவியல் எழுத்துகளில் அடிக்கடி காண்கிறேன். மொழியும் சமயமும் கலையும் உடைய மனிதருக்கே உரியதல்லவா பண்பாடு? மாணவர்களுக்கு இதனை எவ்வாறு விளக்குவது?

பதில்: ஒரு கூட்டத்தில் ஒன்றைப் பார்த்து மற்றொன்று பழகி, தலைமுறை தாண்டியும் நிலைக்கின்ற ஒரு வழக்கத்தை மரபணுவையும் சூழலையும் மட்டும் கொண்டு விளக்க முடியாதபோது, அதனைப் பண்பாட்டுக் கூறு என்று விலங்கியலாளர் கொள்கின்றனர். கூத்தையும் கோவில் சடங்கையும் மனத்தில் வைத்துக் கேட்கும் தங்களுக்கு இது மிகத் தாழ்ந்த அளவுகோலாகத் தோன்றலாம். ஆனால் இந்த அளவையே எட்டாத விலங்கினங்கள் ஏராளம்.

வகுப்பறைக்கு ஏற்ற கதை ஜப்பானின் கோஷிமா தீவினுடையது. 1953 இல் அங்கே இமோ என்று ஆய்வாளர் பெயரிட்ட ஒன்றரை வயதுப் பெண் குரங்கு, கரையில் போடப்பட்ட வற்றாளைக் கிழங்கை எடுத்துச் சென்று ஓடை நீரில் மண் போகக் கழுவித் தின்றது. அதனுடன் விளையாடும் குட்டிகளும் அதன் தாயும் முதலில் இதனைப் பழகின. பின்னர் பிறந்த குட்டிகள் தத்தம் தாயைப் பார்த்துப் பழகின. வளர்ந்த ஆண் குரங்குகளில் பெரும்பாலானவை கடைசிவரை பழகவேயில்லை. இவ்வழக்கம் ஆண்டுக்கணக்கில் மெதுவாகவே பரவியதால், ஒவ்வொரு குரங்கும் தானாகவே கண்டுபிடித்திருக்கலாம் என்று ஐயுற்றோரும் உண்டு என்பதை மாணவருக்குச் சொல்லத் தவறவேண்டாம்.

சிம்பன்சிகளைப் பற்றிய சான்று இன்னும் உறுதியானது. ஆபிரிக்காவில் நீண்டகாலமாக நடந்த ஏழு கள ஆய்வுகளை ஒப்பிட்டு 1999 இல் வெளியான கட்டுரை, இடத்துக்கு இடம் வேறுபடும் 39 வழக்கங்களைக் காட்டியது. ஐவரிகோஸ்டில் ‘தாய்’ (Taï) என்ற பெயருடைய காட்டில் வாழும் சிம்பன்சிகள் கொட்டைகளைக் கல்லாலும் கட்டையாலும் உடைத்துத் தின்கின்றன. தன்சானியாவின் கொம்பேயில் எண்ணெய்ப்பனை இருந்தும், அங்குள்ள சிம்பன்சிகள் அதன் பழத்தைத் தின்கின்றனவே தவிரக் கொட்டையை உடைப்பதில்லை.

கேள்வி (உயர்தர மாணவன், கல்முனை): மூளை பெரிதானதால் பண்பாடு வந்ததா, பண்பாட்டினால் மூளை பெரிதானதா?

பதில்: ஒன்று மற்றொன்றை மாறி மாறி வளர்த்தது என்பதே எனக்கு ஏற்புடைய விளக்கம். மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,350 கிராம். சிம்பன்சியின் மூளை 400 கிராம் அளவில் நின்றுவிடுகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள இந்த உறுப்பு, ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. இத்தனை செலவு பிடிக்கும் உறுப்பு, ஈடான வரவு இல்லாமல் வளர்ந்திருக்க முடியாது.

அந்த வரவின் பெரும்பகுதி பிறரிடமிருந்து கற்பதால் கிடைத்தது என்பது இக்கருத்தினரின் வாதம். எந்தக் காய் நஞ்சு என்பதைத் தானே தின்று அறிபவனைவிட, அறிந்தவரைப் பார்த்து விலகுபவன் பிழைக்கிறான். நன்றாகக் கற்கும் மூளை பிழைத்துப் பெருக, கற்பதற்குரிய அறிவும் பெருகுகிறது. அதனைக் கொள்ள இன்னும் பெரிய மூளையும் இன்னும் நீண்ட குழந்தைப் பருவமும் தேவைப்படுகின்றன. சைமன் ரீடரும் கெவின் லாலண்டும் 2002 இல் வெளியிட்ட ஒப்பாய்வில், பெரிய மூளையுடைய குரங்கினங்களிலேயே புதியன கண்டுபிடித்தலும், பிறரைப் பார்த்துக் கற்றலும், கருவி கையாளலும் மிகுதியாகப் பதிவாகியிருந்தன.

ஆயினும் மனித மூளை எல்லாவற்றிலும் முந்திய மூளை என்று எண்ணிவிட வேண்டாம். 2007 இல் இரண்டரை வயதுக் குழந்தைகள் 105 பேரையும் 106 சிம்பன்சிகளையும் 32 ஒராங்குட்டான்களையும் ஒரே சோதனைகளுக்கு உட்படுத்தினர். இடம், அளவு, காரண காரியம் ஆகியவற்றில் குழந்தைகளும் சிம்பன்சிகளும் ஏறக்குறைய சமமாகவே நின்றனர். பிறரைப் பார்த்துக் கற்பதில்தான் குழந்தைகள் வெகுதூரம் முந்தினர்.

அதைவிட வியப்பானது 2005 இல் வெளியான மற்றொரு சோதனை. பெட்டியொன்றிலிருந்து உணவை எடுக்கும் முறையைச் செய்துகாட்டியவர், தேவையற்ற சில தட்டல்களையும் வேண்டுமென்றே சேர்த்துக்கொண்டார். பெட்டி கண்ணாடிபோல் தெளிவாக இருந்து, அத்தட்டல்கள் பயனற்றவை என்று கண்ணுக்குத் தெரிந்தபோது, சிம்பன்சிகள் அவற்றை விட்டுவிட்டு உணவை எடுத்தன. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளோ அத்தனையையும் அப்படியே செய்தனர்.

இங்கே முட்டாள் யார் என்று கேட்கத் தோன்றும். நம் வீட்டு அடுப்பங்கரையைப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கின் தோலைத் தடிப்பாக உரித்து, கழுவி, பானையை மூடாமல் அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிட வேண்டும் என்று அம்மம்மா சொல்வார். காரணம் கேட்டால் “அப்படித்தான் அவிக்கிறது” என்பதற்குமேல் பதில் வராது. கிழங்கிலுள்ள சேர்மம் சயனைட்டாகச் சிதைகிறது என்பதும், அது ஆவியாகவும் நீருடனும் வெளியேற வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படிகளை விடாமல் செய்தாலே போதும். காரணம் விளங்காத படியைத் தவிர்க்கும் சிம்பன்சியின் புத்திசாலித்தனம் இந்த இடத்தில் ஆபத்தானது.

மட்டக்களப்பில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரும் காரணம் கூறுவதில்லை. அவர் சட்டம் கொடுத்து (அவரவர் பாத்திரத்துக்குரிய பாடற்பகுதியைக் கொடுத்து), மத்தளத்தைத் தட்டித் தாளச் சொற்கட்டைச் சொல்ல, பிள்ளைகள் வட்டக்களரி என்னும் வட்டமான ஆடுகளத்தில் ஆட்டத்தை மாதக்கணக்காக அப்படியே திருப்பித் திருப்பி ஆடுகின்றனர். முழுதாகக் கைவந்த பின்னரே யாராவது ஒருவர் அதில் ஒரு சிறு மாற்றம் செய்கிறார். அடுத்த தலைமுறை அந்த மாற்றத்திலிருந்து தொடங்குகிறது. விலங்குகளிடம் மிக அரிதாகவே காணப்படும் , மாற்றத்தின்மேல் மாற்றம் சேரும் இந்த வழக்கமே மனிதப் பண்பாட்டின் தனித்தன்மை என்பேன். பயனற்ற வழக்கங்களும் சாதி இழிவுகளும் இதே வாசலால்தான் நம்முள் நுழைகின்றன என்பதையும் மறைக்க முடியாது.

கேள்வி (விவசாயி, சம்மாந்துறைப் பகுதி): மின்வேலியை உடைத்து வேளாண்மைக்குள் இறங்கும் வித்தையை யானைகள் ஒன்றுக்கொன்று சொல்லிக் கொடுக்கின்றனவா?

பதில்: சொல்லிக் கொடுப்பது வேறு, பார்த்துப் பழகுவது வேறு. தேளின் கொடுக்கை அகற்றிக் குட்டிகளிடம் கொடுத்துப் பழக்கும் ஆபிரிக்கக் கீரியினமான மீர்கட்டைப் போல, உண்மையாகவே கற்பிக்கும் விலங்குகள் மிகச் சில. யானை வேலி உடைக்கக் கற்பிக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் பார்த்துப் பழகுவதற்கு வலுவான அறிகுறி உண்டு. கென்யாவின் அம்போசெலியில் ஆண் யானைகளின் நட்பு வட்டங்களை ஆராய்ந்து 2012 இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பயிர் தின்னும் மூத்த ஆணுடன் திரியும் ஆண் யானை, தானும் பயிருக்குள் இறங்கும் வாய்ப்பு அதிகம். வேலிக் கட்டையை மிதித்துச் சாய்ப்பதோ, மின்சாரம் கடத்தாத தந்தத்தால் கம்பியை நெம்புவதோ ஒரு யானைக்குக் கைவந்தால், அதனுடன் வரும் இளம் யானை அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கும். மின்வேலியின் பலம் கம்பியில் இல்லை, யானையின் அச்சத்தில் இருக்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடக்கும் வேலியை ஒருமுறை தொட்டறிந்த யானையிடம் அந்த அச்சம் குறைந்துவிடும். எனவே உங்கள் கமக்காரர் அமைப்பு வேலியைப் பராமரிக்கும்போது, வெட்டையிலுள்ள செடிகொடிகள் கம்பியில் படாமல் துப்புரவாக்குவதையும், அறுந்த கம்பியை அன்றன்றே கட்டுவதையும் முதல் வேலையாக வைத்துக்கொள்வது நல்லது.