கோடையில் இறுகும் கரிசலை நம்பலாமா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் 4 சென்ட் கரிசல் மனை. மாடியோடு வீடு கட்டப்போகிறோம். "கடப்பாரையே இறங்காத மண், 4 அடி வானம் (அஸ்திவாரக் குழி) போதும். பக்கத்து மனை ரிப்போர்ட் இருக்கும்போது சாயில் டெஸ்ட் எதற்கு?" என்கிறார் மேஸ்திரி. சரியா?
(வாசகி, திருமங்கலம்)

பதில்: சித்திரையில் இறங்காதுதான். ஐப்பசி மழைக்குப் பிறகு அதே இடத்தில் கால் புதையும். கரிசல் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைவிட, நனைந்தால் எவ்வளவு உப்பும், காய்ந்தால் எவ்வளவு சுருங்கும் என்பதே முக்கியம். வீடு லேசான கட்டடம் என்பதால் உப்பும் மண் அதை எளிதாகத் தூக்கிவிடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் பெரும்பாலும் இப்படி வருவதுதான்.

சின்ன மனைக்கு நடுவில் ஒரு போர்ஹோல் (மண்ணைச் சோதிக்கப் போடும் துளை) போதும் என்கிறது மண் ஆய்வுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1892. கரிசலுக்கு எதிரெதிர் மூலைகளில் இரண்டு போடச் சொல்வோம். ஒரு மூலையில் 1 மீட்டரில் சுக்கான் (சுண்ணாம்பு கலந்த கெட்டி அடுக்கு) தட்டும். மறுமூலையில் 3 மீட்டரிலும் கரிசலே இருக்கும். ஒரே மனையில் இப்படியென்றால் பக்கத்து மனை ரிப்போர்ட்டை வைத்து என்ன செய்வது?

துளை போடும்போது கூடவே நில்லுங்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, குழாய் 45 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். முதல் 15 செ.மீ. துளையடியில் கலைந்து கிடக்கும் மண், அது கணக்கில் சேராது. மீதி 30 செ.மீ.க்கான அடிகள்தான் மண்ணின் கெட்டியைச் சொல்லும் 'என்' வேல்யூ. மதியத்துக்கு மேல் கயிறு இழுப்பவர் களைத்துப்போய் 60 செ.மீ.யிலேயே விட்டுவிடுவார். அடி கூடும்; ரிப்போர்ட்டில் மண் இருப்பதைவிடக் கெட்டியாகத் தெரியும். சுத்தியல் தண்டில் 75 செ.மீ.க்குச் சாக்பீஸ் கோடு போடச் சொல்லுங்கள். நிலத்தடி நீர்மட்டத்தை 24 மணி நேரம் கழித்து அளந்து, மாதத்தையும் குறிக்க வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும்போதே, மண் எவ்வளவு உப்பும் என்று காட்டும் 'ஃப்ரீ ஸ்வெல்' சோதனையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். மலிவு ரிப்போர்ட்டில் இதைத்தான் விடுகிறார்கள். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் 10 கிராம் தண்ணீரிலும், 10 கிராம் மண்ணெண்ணெயிலும் 24 மணி நேரம் ஊறும். மண்ணெண்ணெயில் கரிசல் உப்பாது. அங்கே 10 மி.லி., தண்ணீரில் 16 மி.லி. என்றால் உப்பல் 60 சதவீதம். 50-ஐத் தாண்டினால் 4 அடி வானத்தை மறந்துவிடுங்கள். கரிசலைத் தாண்டிச் சரளைக்கோ சுக்கானுக்கோ இறங்க வேண்டும். அது ஆழமென்றால் அடியில் குமிழ் விரிந்த அண்டர்ரீம்டு பைல் (மண்ணில் துளையிட்டு வார்க்கும் கான்கிரீட் தூண்). கரிசலில் அதன் நீளம் குறைந்தது 3.5 மீட்டர். வானத்தில் மணலைக் கொட்டி நிரப்புவது மழைநீரைச் சுற்றுக் கரிசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை.

கேள்வி: 2 மீட்டரிலேயே பாறை. துளையை நிறுத்தலாமா?
(வாசகர், மேலூர்)

பதில்: உங்கள் பக்கம் மக்கிய மண்ணுக்குள் உருண்டைப் பாறைகள் புதைந்து கிடக்கும். பாறைக்குள் 3 மீட்டராவது கோர் (உருளையாகக் குடைந்தெடுக்கும் மாதிரி) எடுத்தால்தான் அது தாய்ப்பாறையா என்று தெரியும். மற்ற மூலைகளிலும் குழி வெட்டிப் பாருங்கள். பாதி வீடு பாறையிலும் பாதி மண்ணிலும் உட்கார்ந்தால், இரண்டும் சேருமிடத்தில் சுவர் பிளக்கும்.

கேள்வி: போர்வெல் போட்டபோது வந்த மண்ணை வைத்தே சொல்ல முடியாதா?
(வாசகர், உசிலம்பட்டி)

பதில்: முடியாது. கம்ப்ரசர் காற்று எல்லா அடுக்கையும் பொடியாக்கிக் கலந்து வெளியே தள்ளுகிறது. பாறை எந்த ஆழத்தில் என்பது தோராயமாகத் தெரியும், அவ்வளவுதான்.