நெற்றியில் 97.9, அக்குளில் 101.2: எந்தத் தெர்மாமீட்டரை நம்புவது?

கேள்வி: நான்கு வயது மகனுக்குக் கை கால் சில்லென்று இருந்தது, முதுகு அனலாகக் கொதித்தது. நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கித் தெர்மாமீட்டர் 97.9 காட்டியது. பழைய டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தால் 101.2. கடையில் கேட்டால், "எல்லா கன்னும் அப்படித்தான் மேடம்" என்கிறார்கள். எதை நம்புவது? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: அக்குளில் வந்ததை நம்புங்கள். குழந்தைக்குக் காய்ச்சல்தான். அக்குள் அளவு உடலின் உள்சூட்டைவிடச் சற்றுக் குறைவாகவே வரும் என்பதால், உள்ளே 101.2-க்கும் மேலேயே இருந்திருக்கும்.

துப்பாக்கி உடம்புக்குள் எதையும் பார்ப்பதில்லை. நெற்றித் தோலிலிருந்து வெளிவரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி, தோலின் சூட்டை மட்டும் அளக்கிறது. நல்ல சுகத்தோடு இருப்பவரின் நெற்றித் தோலே பெரும்பாலும் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். அப்படியானால் திரையில் 36.6 செல்சியஸ், அதாவது 97.9 பாரன்ஹீட் என்று எப்படி வருகிறது? 'தோல் இவ்வளவு என்றால் உள்ளே இவ்வளவு இருக்கலாம்' என்று கருவிக்குள் ஒரு கணக்கை எழுதிவைத்திருக்கிறார்கள். அதன்படி கூட்டிச் சொல்வதைத்தான் நாம் படிக்கிறோம்.

தோலுக்கும் உள்சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் வழக்கம்போல் இருக்கும்வரை அந்தக் கணக்கு ஓரளவு சரிப்படும். காய்ச்சல் ஏறும் நேரத்தில் அதுதான் குலைந்துபோகிறது. உள்ளே சூட்டைச் சேர்த்துவைப்பதற்காக உடல் தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. கை கால் சில்லிடுவதும் குளிர் நடுக்கம் எடுப்பதும் அதனால்தான். நீங்கள் எழுதியிருப்பதும் அதேதான். கை கால் அளவுக்கு நெற்றி சில்லிடாது. ஆனால் அங்கே ஒன்றிரண்டு டிகிரி பிசகினாலே கருவி 'காய்ச்சல் இல்லை' என்று சொல்லிவிடும். பெற்றவர்கள் அதை நம்பி நிம்மதியாகப் படுத்துவிடுவார்களே என்பதுதான் என் பயம்.

வியர்வை, மின்விசிறிக் காற்று, ஏசி அறை, இப்போதுதான் வெயிலிலிருந்து வந்த முகம், நெற்றியில் விபூதி, சந்தனம், தைலம் என்று எல்லாமே அளவைக் கெடுக்கும். நெற்றியைத் துடைத்துவிட்டு, குழந்தையும் கருவியும் ஒரே அறையில் கால் மணி முதல் அரை மணி நேரம் இருந்த பிறகு அளவெடுங்கள். எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்பது கருவிக்குக் கருவி மாறும். பல கருவிகளுக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர், கையேட்டில் போட்டிருக்கும். சாய்த்துப் பிடிக்காமல் நேராகப் பிடியுங்கள். இன்னொன்று, பல துப்பாக்கிகளில் உடல், பொருள் என இரண்டு நிலைகள் உண்டு. குழந்தை கையில் பட்டு அது 'பொருள்' நிலைக்கு மாறியிருந்தால், கணக்கு ஏதும் கூட்டாமல் தோலின் சூட்டை அப்படியே காட்டும்.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. பெட்டிமேல் 'பிழை 0.2 டிகிரி' என்று போட்டிருப்பதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஆய்வகத்தில், கருவியைச் சோதிப்பதற்கென்றே ஒரே சூட்டில் நிறுத்திவைத்த கரும்பொருளுக்கு முன்னால் எடுத்த அளவு. வியர்த்த நெற்றிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. வாசலில் நின்று பத்துப் பேரை விறுவிறுவென்று பார்த்து அனுப்பத் துப்பாக்கி போதும். மருந்து கொடுப்பதா, டாக்டரிடம் ஓடுவதா என்று முடிவெடுக்க, உடம்பில் ஒட்டி அளக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர்தான் வேண்டும். இருநூறு முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அக்குளில் வைக்கும்போது முனை தோலோடு நன்றாக ஒட்டியிருக்கட்டும், கையை மார்போடு சேர்த்துப் பிடியுங்கள். பீப் சத்தம் வந்ததும் உருவிவிடாதீர்கள். சூடு ஏறும் வேகம் குறைந்ததுமே பல கருவிகள் பீப் அடித்துவிடும். அப்புறமும் இரண்டு மூன்று நிமிடம் விட்டால் எண் இன்னும் கொஞ்சம் ஏறுவதைப் பார்க்கலாம்.

கேள்வி: ஆன்லைனில் மலிவாக ஒரு அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் வாங்கினேன். சிவப்பு லேசர் புள்ளி விழுகிறது, பெட்டியில் 'மைனஸ் 50 முதல் 400 டிகிரி வரை' என்று இருக்கிறது. காய்ச்சல் பார்க்கலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: வேண்டாம். அது மோட்டார், அடுப்பு, ஏசி குழாய் போன்றவற்றைப் பார்க்கும் தொழிற்சாலைக் கருவி. இத்தகைய கருவிகளில் ஒன்றரை, இரண்டு டிகிரி செல்சியஸ் பிழை சகஜம். சாதாரண உடல்சூட்டுக்கும் காய்ச்சலுக்கும் நடுவே இருப்பதே அவ்வளவுதான். லேசரைக் குழந்தையின் முகத்துக்கு நேரே காட்டவும் கூடாது.

விற்பனைப் பக்கத்தில் 'காய்ச்சல் பார்க்க' என்று எழுதி விற்றிருந்தால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். மருத்துவத் தெர்மாமீட்டர்கள் இந்தியாவில் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-ன் கீழ் வருகின்றன. வாங்கும்போது பெட்டியில் தயாரிப்பு உரிம எண்ணோ இறக்குமதி உரிம எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பெட்டியில் அது இருக்காது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது நெற்றியில் ஒயரோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். உடலின் உள்சூட்டையே காட்டும் என்றார் மயக்க மருந்து டாக்டர். குழாய் இல்லை, ஊசி இல்லை. இதை வீட்டுக்கு வாங்க முடியுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நீங்கள் பார்த்தது அநேகமாகச் 'சுழி (பூஜ்ய) வெப்ப ஓட்டம்' என்ற முறையில் இயங்கும் உணரி (சென்சார்). தோலுக்கு வெளியே இருந்துகொண்டே உள்சூட்டை நெருங்கிப் பிடிக்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

உடம்பின் உள்ளே சூடு அதிகம், வெளியே குறைவு. அதனால் வெப்பம் எப்போதும் தோல் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அந்த ஸ்டிக்கருக்குள் வெப்பத்தைத் தடுக்கும் ஒரு மெல்லிய அடுக்கும், அதன் மேல் ஒரு குட்டி ஹீட்டரும் இருக்கின்றன. அடுக்குக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு வெப்ப உணரிகள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்வரை ஹீட்டர் மெதுவாகச் சூடேறும். இரண்டும் சமமானால், அந்த இடத்தில் வெப்பம் வெளியேறுவது நின்றுவிட்டது என்று அர்த்தம். அப்போது அதற்கு அடியில் இருக்கும் தோல், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உள்ளே இருக்கும் திசுவின் சூட்டுக்கே வந்துவிடும். துப்பாக்கியைப்போல ஊகித்துக் கூட்டுகிற வேலை இதில் இல்லை. உள்சூட்டையே தோலுக்கு வரவழைத்து அளக்கிறது. 1971-ல் ஃபாக்ஸ், சோல்மன் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்ட யோசனை இது.

மயக்க மருந்து கொடுத்தவரின் உடல் தன் சூட்டைக் காத்துக்கொள்ளாது. உள்சூடு 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இரத்தப்போக்கும் புண்ணில் தொற்றும் அதிகமாகும் அபாயம் உண்டு. அதனால்தான் தியேட்டரில் இடைவிடாமல் இதைக் கவனிக்கிறார்கள்.

வீட்டுக்கு வாங்கச் சொல்ல மாட்டேன். ஸ்டிக்கர் ஒருவருக்கு ஒன்று, பிறகு தூக்கிப்போட வேண்டியதுதான். அதோடு தனியாக ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும் வேண்டும். ஒட்டியதும் நிலைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். நாளுக்கு நாலு தடவை காய்ச்சல் பார்க்கிற வீட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

ஹீட்டர் இல்லாமல், வெளியேறும் வெப்பத்தை அளந்து கணக்கிடுகிற உணரிகளும் வந்திருக்கின்றன. அந்த வகையில் ஒன்றைச் சர்வதேச விண்வெளி நிலையத்தில் விண்வெளி வீரர்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். சுவிட்சர்லாந்தின் கிரீன்டெக் நிறுவனம் 'கோர்' என்ற பெயரில் விற்கும் உணரி, சைக்கிள் பந்தய வீரர்கள் மார்புப் பட்டையில் மாட்டிக்கொள்வது. வெயிலில் பயிற்சி செய்கிறவருக்கு அது உதவலாம், காய்ச்சல் பார்க்க அதை வாங்காதீர்கள்.

கேள்வி: என் ஸ்மார்ட் வாட்ச்சில் உடல் வெப்பநிலை வருகிறது. தெர்மாமீட்டர் தனியாக வேண்டுமா? (வாசகி, சென்னை)

பதில்: வேண்டும். கடிகாரம் அளப்பது மணிக்கட்டுத் தோலின் சூட்டை. உதாரணத்துக்கு ஆப்பிள் வாட்ச், 2022-ல் வந்த எட்டாம் தொடரிலிருந்து, தூங்கும்போது அளந்து 'உங்கள் வழக்கத்தைவிட இவ்வளவு கூட, இவ்வளவு குறைவு' என்றுதான் காட்டுகிறது. மாதவிடாய்ச் சுழற்சியைக் கவனிக்க அது பயன்படும். இப்போது எனக்குக் காய்ச்சலா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

கேள்வி: இரண்டரை மாதக் கைக்குழந்தைக்குக் காதில் வைக்கும் தெர்மாமீட்டர் வாங்கலாமா? விலை அதிகம் என்றாலும் பரவாயில்லை. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இப்போது வாங்காதீர்கள். செவிப்பறை உள்சூட்டுக்கு நெருக்கமான இடம்தான், ஒழுங்காக வைத்தால் நல்ல அளவு கிடைக்கும். ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் காதுத் துவாரம் மிகக் குறுகல். முனை செவிப்பறையைப் பார்க்காமல் துவாரத்தின் சுவரைப் பார்த்துவிடும். ஆறு மாதம் தாண்டியபிறகு வாங்கினாலும், காது மடலை மெல்லப் பின்னால் இழுத்துப் பிடித்து அளக்கப் பழக வேண்டும். காதில் அழுக்கு அடைத்திருந்தால் அளவு குறையும்.

இந்த வயதுக்கு ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதையே மருத்துவர்கள் நம்புகிறார்கள். நீங்களே முயலாமல், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது செவிலியரிடம் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். அதுவரை அக்குளில் பாருங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ வந்தால், வேறு கருவியில் சரிபார்த்துக்கொண்டிருக்காமல் உடனே குழந்தைநல மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். அது நடுராத்திரியாக இருந்தாலும் சரி. எண் குறைவாக இருந்தும் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ துவண்டு கிடந்தாலோ, அப்போதும் போக வேண்டியதுதான்.